உப்புத் தொட்டிக்கு இரும்புக் கால் எதற்கு?

மீன் தொட்டிக்கு ஸ்டாண்டு வேண்டும் என்று திருமங்கலம் பக்கம் யாரிடம் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். "நம்ம வெல்டிங் பட்டறையில சொல்லுங்கண்ணே, ஒரே நாள்ல அடிச்சுக் குடுத்துருவாய்ங்க. ஒன்றரை இஞ்சு ஆங்கிள். யானையே ஏறி நின்னாலும் அசையாது." கேட்டவரும் திருப்தியாகத் தலையாட்டி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். அந்த ஸ்டாண்டில் எந்த யானையும் ஏறப்போவதில்லை. ஏறப்போவது உப்பு. அதைப் பற்றிக் கேட்டவரும் கேட்கவில்லை, சொன்னவரும் சொல்லவில்லை.

தங்க மீனும் கப்பியும் விடுகிற நல்ல தண்ணீர்த் தொட்டியைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதற்கு ஆங்கிள் ஸ்டாண்டு தாராளமாகப் போதும். அவ்வப்போது பெயிண்ட் அடித்தால் பல வருடம் ஓடும். வழக்கு முழுக்கக் கடல் நீர்த் தொட்டி மேல்தான். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' வந்ததிலிருந்து அந்த ஆரஞ்சுக் கோமாளி மீன் மேல் உலகத்துக்கே ஒரு கண். அதைக் கடலில் பிடிக்காமல், தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கிற முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிப் பல வருடமாகிறது. ஆகவே கடல் இல்லாத ஊர்க்காரர்களும் ஆசைப்படலாம், தப்பில்லை. (பவளத்துக்கு மட்டும் ஆசைப்படக் கூடாது. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த 'லைவ் ராக்' என்று யாராவது காதோடு காது வைத்த மாதிரி விற்க வந்தால் ஓடிவிடவும். 2001-லேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளத்தைச் சேர்த்துவிட்டார்கள். மீன் கண்ணாடிக்குப் பின்னால், வளர்த்தவர் கம்பிக்குப் பின்னால் என்று ஆகிவிடும்.)

முதலில் அந்த யானைக் கணக்கை முடித்துவிடலாம். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி 16 கன அடி. கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 453 லிட்டர். கடல் நீர் லிட்டருக்கு 1.025 கிலோ, ஆக விளிம்பு வரை நிரப்பினால் 464 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி 90 கிலோ பக்கம் வரும். கல், மணல் என்று ஒரு 60 கிலோ. மேலே இரண்டு இஞ்சு காலியாக விடுவார்கள், கல் கொஞ்சம் தண்ணீரை வெளியே தள்ளும் என்று கழித்துவிட்டுப் பார்த்தாலும் 550 கிலோவுக்குக் குறையாது. பழைய மாருதி 800 காரைவிடக் கொஞ்சம்தான் கம்மி. ஆனாலும் நாலு காலுக்குப் பிரித்தால் காலுக்கு 140 கிலோ சொச்சம். இரும்புக்கு இது தூசு. பட்டறைக்காரர் சொன்னதில் பொய்யே இல்லை. அவரிடம் கேட்ட கேள்விதான் தப்பு.

கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருவோம். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 453 லிட்டருக்கு 15 கிலோவுக்கு மேல். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு வருடச் சமையலுக்குக் கிட்டத்தட்டப் போதுமான உப்பு, ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில் கரைந்த நிலையில் நிற்கிறது. அது தொட்டிக்குள்ளேயே அடங்கி இருக்காது. காற்றுக்குமிழி மேலே வந்து வெடிக்கும்போது பொடிப்பொடியாகத் தெறிக்கும். கண்ணாடி துடைக்கக் கை விட்டு எடுத்தால் முழங்கையில் இருந்து சொட்டும். விளிம்பில் ஒட்டிய ஈரம் காய்ந்து வெள்ளைப் பொருக்காகும், அந்தப் பொருக்கின் வழியாகவே அடுத்த ஈரம் ஏறி வந்து இன்னும் கொஞ்சம் தள்ளிக் காயும். இப்படியே கண்ணாடியில் ஏறி, மறுபக்கம் இறங்கி, வயர் வழியாகப் போய், கடைசியில் ஸ்டாண்டின் தலையில் வந்து உட்காரும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்பு போகாது. சொட்டிய ஒவ்வொரு சொட்டின் உப்பும் அங்கேயே சேர்ந்துகொண்டே இருக்கும்.

மதுரை வெயில் இதற்குக் கூட்டாளி. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் கடல் மீனுக்குத் தண்ணீரைக் குளிர வைத்தாக வேண்டும். சில்லர் வாங்கக் காசில்லாதவர்கள் தண்ணீர் மேல் ஃபேன் வைப்பார்கள். ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர வைக்கிறது, தெறிக்கிற பொடியையும் அதுவே ஊதிப் பரப்புகிறது. (ஆவியாகாமல் தடுக்க 2017-ல் வைகை அணையில் தெர்மாகோல் மிதக்க விட்ட கதை ஞாபகம் வந்தால் சிரித்துவிட்டு மேலே படிக்கவும்.)

இங்கேதான் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: "இது என்ன ராமேஸ்வரமா? வறண்ட ஊரு. கடல் காத்தே கெடையாது, துரு எங்கிட்டுப் பிடிக்கும்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐப்பசி மழையில் அடுப்படியில் இருக்கும் கல் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். யாரும் தண்ணீர் ஊற்றாமலே உப்பு கசகசவென்று நனைந்திருக்கும். சுத்தமான சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கூடவே மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அதற்கு 33 சதவீதம் இருந்தாலே போதும். அதாவது, துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்கிற நாளில்கூட ஸ்டாண்டின் மேல் படிந்த உப்புப் பொருக்கு முழுசாகக் காயாது. காற்றில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் இழுத்து இரும்பின் மேல் வைத்துக்கொண்டிருக்கும். ஸ்டாண்டுக்குள்ளேயே வடிகட்டும் தொட்டியை வைத்துக் கதவையும் சாத்திவிட்டால் கேட்கவே வேண்டாம். திருமங்கலம் வீட்டு ஹாலுக்குள் ஒரு குட்டிப் பாம்பன்.

பாம்பன் என்று சொன்னது சும்மா எதுகைக்கு இல்லை. உப்பும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. 1914 பிப்ரவரியில் திறந்த ரயில் பாலம். 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் அடித்துக்கொண்டு போனபோது 46 நாளில் திரும்பக் கட்டி எழுப்பினார்கள். புயலைத் தாண்டிய அந்தப் பாலத்தை ஓய்வுக்கு அனுப்பியது துரு. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் போடும் கம்பியே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வெளியே அரிப்பைத் தடுக்க பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சு. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ('செக்ரி' என்றால் எல்லோருக்கும் தெரியும்) உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்து உப்புக் காற்று எவ்வளவு தின்கிறது என்று அளக்க, மண்டபத்தில் ஆய்வு நிலையமே வைத்திருக்கிறது. இத்தனை பேர் இத்தனை வருடம் மல்லுக்கட்டுகிற எதிரியைத்தான் நம்மாட்கள் ரெட் ஆக்சைடும் கறுப்பு எனாமலும் அடித்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள்.

"பாம்பன் பாலம் 108 வருஷம் நின்னுச்சுல்ல?" என்று உடனே ஒரு கை உயரும். நின்றது. சும்மா நிற்கவில்லை. சுரண்டுவதற்கும் பெயிண்ட் அடிப்பதற்கும் அரித்த பாகத்தை மாற்றுவதற்கும் ரயில்வே ஆள் வைத்திருந்தது. ஹாலில் நிற்கும் ஸ்டாண்டுக்கு எந்த ரயில்வே இருக்கிறது? அதைச் சுரண்டி பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றால் முதலில் மேலே இருக்கும் 550 கிலோவை இறக்க வேண்டும். தண்ணீரை டிரம்மில் பிடித்து, மீனைத் தனியே விட்டு, கல்லை ஈரம் காயாமல் வைத்து... ஒரு கல்யாண வீட்டைக் காலி செய்கிற வேலை. யாரும் செய்ய மாட்டார்கள். பல் இளிக்கும் துருவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள்.

பெயிண்ட் தாங்காதா? கீறல் விழாத வரை தாங்கும். துரு பிடித்த இரும்பு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். ஒரு சின்னக் கீறலுக்குள் உப்பு நுழைந்தால் உள்ளே துரு வீங்கிச் சுற்றியுள்ள பெயிண்டை அப்பளம் மாதிரி தூக்கிவிடும், அப்புறம் உப்புக்குக் கதவு திறந்த வீடுதான். அந்த வேலையில் குளோரைடு தீர்ந்தும் போவதில்லை, திரும்பத் திரும்ப அதே வேலையைப் பார்க்கிறது. முதலில் போவது பற்றவைத்த மூலை. ஆங்கிளுக்குப் பதில் ஸ்கொயர் பைப் போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் பைப்பின் உள்பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்தவர் யார்? மேலே போட்ட ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு மெலியும். ஜி.ஐ. பைப் என்பார்கள். பற்றவைக்கிற சூட்டில் அந்த இடத்துத் துத்தநாகம் எரிந்து போய்விடுகிறது, அதாவது மிக அவசியமான இடத்தில்தான் பாதுகாப்பு இல்லை. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, எபாக்ஸி இரண்டு கோட் அடித்து, பைப் முனைகளையெல்லாம் அடைத்துச் செய்தால் இரும்பும் நன்றாகவே உழைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் செலவில் அது 'மலிவான' ஸ்டாண்டாக இருக்காது. மலிவு என்பதற்காகத்தானே இரும்புக்குப் போனது?

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கலாம். சும்மா ஒரு கணக்குக்கு, தொட்டி, விளக்கு, மோட்டார், மீன் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டு 6,000. இந்த 6,000-த்தைத் தனிச் சொத்தாக எழுதி ஐந்து வருடத் தேய்மானம் போட்டு "வருஷத்துக்கு 1,200-தானே" என்று பார்ப்பதுதான் வழக்கம். அது தனிச் சொத்தே கிடையாது. மேலே இருக்கும் ஒரு லட்சமும் அதன் ஆயுளில்தான் தொங்குகிறது. ஸ்டாண்டின் ஒரு கால் இரண்டு மில்லிமீட்டர் இறங்கினால் தொட்டி முறுக்கிக்கொள்ளும், கண்ணாடியை ஒட்டியிருக்கும் சிலிகான் பிரியும், நள்ளிரவில் ஹாலில் 400 லிட்டர் உப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் அப்புறம் கணக்குப் புத்தகத்துக்கு வேலை இல்லை.

கடைக்காரர்களைச் சொல்லியும் குற்றமில்லை, சொல்லாமல் விடவும் முடியாது. "டேங்க் வாங்குனா ஸ்டாண்டு ஃப்ரீ" என்பதுதான் பல இடத்தில் வியாபாரம். 2009 இடைத்தேர்தலுக்கு அப்புறம் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற வார்த்தையே அகராதிக்கு வந்துவிட்டது, இலவசமாகக் கிடைப்பதை ஏன் கொடுக்கிறார்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை :-)

இரும்பு வேண்டாம் என்றதும் அடுத்த கட்சி மேடை ஏறும்: "எஸ்.எஸ். போட்டுருவோம்." கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் எவர்சில்வரில் மின்னுகிற காலம், மீன் தொட்டிக்கு மட்டும் என்ன குறை? குறை இதுதான். கேட்டுக்கும் கைப்பிடிக்கும் பெரும்பாலும் வருவது 202 என்கிற ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்து விலையை இறக்கியது. அதற்கு மேல் 304, இதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். சமையல் பாத்திரத்துக்கு உத்தமம். உப்பு நீர் தேங்கிக் காய்கிற இடத்தில் இதற்கும் பழுப்புக் கறை விழும், குண்டூசி முனை அளவில் குழி விழும். 316 என்ற ரகத்தில்தான் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்க்கிறார்கள், குளோரைடை எதிர்த்து நிற்பது அதுதான். கடைக்காரர் காந்தத்தை எடுத்து வைத்து, "பாருங்க, ஒட்டல, ஒரிஜினல்" என்பார். 202-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது, 316-லும் ஒட்டாது. அந்தக் காந்தம் நிரூபிப்பது கடைக்காரரிடம் காந்தம் இருக்கிறது என்பதை மட்டுமே. ரகத்தைப் பிரித்துப் பார்க்கச் சொட்டு மருந்து மாதிரி ஒரு திரவம் விற்கிறார்கள். அதை வைத்துச் சோதித்து, பில்லில் '316' என்று எழுதித் தருகிற கடை கிடைத்து, அதைச் சரியாகப் பற்றவைக்கத் தெரிந்த ஆளும் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். விலையைக் கேட்டுவிட்டு மயங்கி விழாமல் இருந்தால்.

மூன்றாவது கட்சி அழகுக் கட்சி. பர்னிச்சர் கடையில் டி.வி. ஸ்டாண்டு மாதிரி, கதவெல்லாம் வைத்து, வால்நட் கலர் லேமினேட் ஒட்டிய பெட்டி. உள்ளே மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு. இதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. ஓரத்தில் தண்ணீர் பட்டால் பிஸ்கட் மாதிரி ஊறும், ஊறியது திரும்பச் சுருங்காது. ஸ்க்ரூ பிடித்திருந்த இடம் பொலபொலவென்று உதிரும். டி.வி. அழாது, சொட்டாது. அதற்குச் செய்த பெட்டியில் கடலைத் தூக்கி வைக்கக் கூடாது.

பிளைவுட் வேறு சமாச்சாரம். நல்லதும் உண்டு, ஏமாற்றும் உண்டு. எம்.ஆர். என்று முத்திரை போட்டது 'ஈரம் தாங்கும்' என்ற பெயரோடு வருகிறது, உண்மையில் சாதாரண அறைக் காற்றின் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவே. கேட்க வேண்டியது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. ரகம். அதன் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிப்பார்கள். 'மரைன் ப்ளை' என்று வாயால் சொன்னால் போதாது, பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் எண்ணும் இருக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்னால் பிறகு எதில்தான் செய்வது? பதில் அடுப்படியில் இருக்கிறது. இந்த ஊரில் எந்தப் பாட்டியாவது உப்பை இரும்பு டப்பாவில் போட்டு வைத்துப் பார்த்ததுண்டா? பீங்கான் ஜாடி, மண்பானை, மரவை, கல்சட்டி. மெட்டலர்ஜி படிக்காமலே வந்த முடிவு அது. தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருவதும் மரப்பலகையை வைத்துத்தான். கல்லும் ஓடும் மரமும் உப்போடு குடித்தனம் நடத்தும், இரும்பு நடத்தாது. ஸ்டாண்டுக்கும் அதே மூன்றுதான் பொருள்.

சொந்த வீடு, தரைத்தளம் என்றால் கொத்தனாரைக் கூப்பிடுவதே முதல் தேர்வாக இருக்க வேண்டும். நாலடி நீளத்துக்கு மூன்று குட்டிச்சுவர், இரண்டு ஓரத்தில், ஒன்று நடுவில். அதன் மேல் கிரானைட் பலகை. மேலூர் பக்கம் மலையையே வெட்டி ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிய மாவட்டம் இது (அந்த வெட்டு நியாயமாக நடந்ததா என்பது 2012-லிருந்து தனி வழக்கு), இங்கே உட்கார்ந்துகொண்டு கல்லுக்குப் பதில் மரத்தூள் அட்டையில் தொட்டி வைப்பது கொடுமை. ஆனால் கல் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது. கிரானைட் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இரண்டு ஓரச் சுவரில் மட்டும் வைத்து நடுவை அந்தரத்தில் விட்டால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விரியும். நடுச்சுவர் கட்டாயம். கிரானைட் வேண்டாம், கம்பி கட்டி கான்கிரீட் பலகை வார்த்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னால் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் கம்பியை உப்பு தேடிப் போகும், பழைய கதைதான். செங்கல்லும் தானாக உப்பைத் தாங்காது. சுவரில் உப்பு பூத்து மண் உதிர்கிற வீடு எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆகவே பூசி, மேலே டைல் ஒட்டிவிட வேண்டும். துடைக்கவும் சுலபம், ஈரத்துணி போதும்.

மாடி வீடு, வாடகை வீடு என்றால் மரம். ஹால் தளத்தில் சுவர் கட்டி இன்னும் எடை ஏற்றுவது சரியில்லை, தொட்டியையும் தளத்தின் நடுவில் வைக்காமல் சுவரை ஒட்டி, பீம் பக்கமாக வைப்பது நல்லது. தேக்கு வாங்க முடியாதவர்கள் நன்றாகக் காய்ந்த வேம்பைப் பார்க்கலாம், நிலைக்கதவுக்கே போடுகிற மரம்தான். ஆசாரியிடம் ஒன்றே ஒன்றை மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும்: எடை ஸ்க்ரூ மேல் நிற்கக் கூடாது, மரத்தின் மேல் மரம் நிற்க வேண்டும். மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து நாலு ஸ்க்ரூ அடித்தால் 550 கிலோவும் அந்த ஸ்க்ரூவில் தொங்கும். சட்டத்தைக் காலின் தலையில் உட்கார வைத்தால் ஸ்க்ரூவுக்கு வேலை ஆடாமல் பிடிப்பது மட்டும்தான். கட்டையில் துளை போட்டு இன்னொரு கட்டையின் முனையைச் செருகுகிற பழைய கட்டில் வேலை தெரிந்த ஆசாரி கிடைத்தால் அதிர்ஷ்டம். பிளைவுட் என்றாலும் இதே விதிதான், நிமிர்ந்து நிற்கும் பலகையின் மேல் படுத்த பலகை உட்கார வேண்டும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ், மலிவான மஞ்சள் ஸ்க்ரூ அழுகிச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். அடித்து முடித்த பிறகு, அறுத்த ஓரங்களையும் துளைகளையும் விடாமல், எபாக்ஸியோ பாலியூரிதேனோ இரண்டு மூன்று கோட். ஓரத்தை விட்டுவிட்டு முகத்துக்கு மட்டும் அடிப்பதுதான் நம்மூர் வழக்கம், தண்ணீர் நுழைவது ஓரத்தில்.

கதவுக்குக் கீல் வேண்டாம், முதலில் துருப்பிடிப்பது அதுதான். தூக்கி எடுத்து வைக்கிற மாதிரி ஒரு பலகை போதும். பின்பக்கத்தைத் திறந்தே விட்டால் உள்ளே புழுக்கம் தங்காது. சுவிட்ச் போர்டைத் தொட்டிக்கு நேர் கீழே வைக்கவே கூடாது. பக்கச் சுவரில், தொட்டி விளிம்புக்கு மேலே வைக்கலாம், வயர் ஒரு தொங்கல் விழுந்து பிறகு போர்டுக்கு ஏற வேண்டும், அப்போதுதான் வழிந்து வருகிற சொட்டு தொங்கலிலேயே கீழே விழும். 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் கடல் நீர்த் தொட்டி வைக்கிற தைரியம் யாருக்கும் வேண்டாம். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடப் பல மடங்கு மின்சாரம் கடத்தும். எர்த் கொடுக்காத இரும்பு ஸ்டாண்டில் கசிவு ஏறினால் தொடுகிற அடுத்த கைக்குத்தான் தெரியும். மரத்துக்கும் கல்லுக்கும் ஆதரவாக இது இன்னொரு ஓட்டு.

"வாடகை வீட்டுல கல்லும் மரமுமா இவ்வளவு செலவு பண்ணிட்டு, காலி பண்றப்ப என்ன செய்றது?" என்பது கடைசியாக வரும் ஆட்சேபணை. மர ஸ்டாண்டைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போகலாம். கிரானைட் பலகை அடுத்த வீட்டில் அடுப்பு மேடையாகும், மீன் சலித்துப்போனால் அயர்ன் பண்ணுகிற மேசையாகும். உப்பு தின்ற ஆங்கிள் ஸ்டாண்டை மூன்று வருடம் கழித்துப் பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போனால், துருவைத் தட்டிவிட்டுத்தான் தராசில் வைப்பார்கள்.